சங்கிலியைத் தொடாத கள்ளன்

மண்டூர்க் கந்தனின் திருவிழாவுக்குப் போய்விட்டு விடியப்புறம் வந்து கதவைத் திறந்த என் மனைவி முதலில் மிதித்தது நெல்லை. விதைக்கென்று கட்டி வைத்திருந்த மூன்று மூட்டையையும் அவிழ்த்து அறை நிலமெல்லாம் கொட்டியிருந்தார்கள். அலுமாரிக் கதவு இரண்டும் திறந்து கிடந்தன. கட்டில் பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தார்கள். அம்மாவின் றங்குப்பெட்டிச் சீலைகளை ஒன்றொன்றாக உதறி எறிந்திருந்தார்கள். மனைவி நெல்லை மிதித்துக்கொண்டே ஓடிப்போய்ச் சாமித்தட்டைத்தான் பார்த்தா. அங்கே இருந்த தகரப் பேணி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவவின் இரண்டரைப் பவுண் சங்கிலி, அப்படியே.

போன் கோல் வந்ததும் நான் வட்டை வாடியிலிருந்து, அதுதான் வயல் காவல் குடிலிலிருந்து, வந்து சேர்ந்தேன். என்ன போனது என்று நாலு பேரும் தேடினோம். ஒன்றும் போகவில்லை. கொட்டிலில் இருந்த தண்ணிப் பம்மும் அப்படியே நிற்கிறது. எல்லாரும் முழித்துக்கொண்டு நிற்க, எண்பது வயசு அம்மாதான் சொன்னா: "மனே, அவன் பொன்னுக்கு வரல்ல. துவக்குக்கு வந்திருக்கான்."

அவ சொன்ன துவக்கு, எங்கள் வீட்டுத் துப்பாக்கி, என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இது 2023 ஆவணியில் நடந்தது. நான் மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம், நவகிரிக் குளத்துத் தண்ணியில் ஆறு ஏக்கர் வேளாண்மை செய்கிறவன். வீட்டில் ஒரு பன்னிரண்டு போர் ஒத்தைக்குழல் துவக்கு இருக்கிறது, பயிர்ப் பாதுகாப்பு லைசன்ஸில். அப்பா இருந்தவரை அவர் பேரில். 2016இல் அவர் போன பிறகு பொலிஸில் ஒப்படைத்து, பற்றுச்சீட்டு வாங்கி, விண்ணப்பம் போட்டு, நடையாய் நடந்து என் பேருக்கு எடுத்தேன். அன்றைக்கு நானும் மண்டூருக்குப் போவதாகத்தான் இருந்தது. வேட்டியும் தோய்த்துக் காயப்போட்டாயிற்று. பின்னேரம் வயல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானை கோல் எடுத்து, மூன்று யானை வரம்பு தாண்டி நிற்குது என்றார். கதிர் முற்றி அரிவிக்கு நிற்கிற வேளாண்மை. யானையைச் சுட முடியாது, சுட்டால் சிறைதான். யானை வெடி, நெருப்பு, கூக்குரல், ஒன்றுக்கும் அசையாவிட்டால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். துவக்கையும் லைசன்ஸையும் எடுத்துக்கொண்டு, யானைக்குச் சாபம் போட்டபடியே போனேன். அந்த மூன்றும் அன்றைக்கு வராமல் விட்டிருந்தால் துவக்கு வீட்டில் இருந்திருக்கும். துவக்கைத் தொலைத்தவனுக்கு முதலில் விழுகிற கேள்வி எங்கே என்று அல்ல, யாருக்குக் கொடுத்தாய் என்று. அதற்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு எத்தனை வருசம் போயிருக்குமோ.

கள்ளனுக்கு என் வீட்டில் துவக்கு இருப்பது எப்படித் தெரியும் என்பது பெரிய மர்மம் இல்லை. நானே சொல்லியிருக்கிறேன்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முதல் எங்கள் விவசாயிகளின் வட்சப் குறூப்பில் ஒரு போட்டோ வந்தது. மேசையில் விரித்திருந்த ஒரு தாளை மேலிருந்து எடுத்த படம். பேர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், துவக்கின் வகை, அதன் உடம்பில் வெட்டியிருக்கும் இலக்கம், லைசன்ஸ் இலக்கம். மொத்தம் 43 பேர். கீழே, "துவக்குப் பரிசோதனைக்கு இன்னும் வராதவங்க உடனே வரவும்" என்று ஒரு வரி, கும்பிடும் கை இரண்டு. போட்டவர் கெட்டவர் இல்லை. ஆட்களை வீடு வீடாகத் தேடி அலையாமல் ஒரே தட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அந்தத் தாள் எந்த மேசையில் விரிந்து கிடந்தது, யார் மேலிருந்து படம் எடுத்தது என்பது கடைசிவரை எனக்குத் தெரியவரவில்லை.

நான் என்ன செய்தேன்? படத்தைப் பெரிதாக்கி என் பேரைத் தேடினேன். பதினேழாவது. முதலெழுத்துச் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். சரியாக இருந்தது, சந்தோசம். பெரியப்பாவின் மகனும் அந்தப் பட்டியலில் இருந்ததால் அவனுக்கும் அனுப்பிவிட்டேன். அவன் யாருக்கு அனுப்பினானோ.

மூன்றாம் நாள் ஒரு கோல். நல்ல மரியாதையான குரல். பேர் சொன்னார், அடையாள அட்டை இலக்கம் பத்தையும் ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தார், "சரிதானே?" என்றார். சரி என்றேன். துவக்கு இலக்கத்தின் கடைசி நாலு எழுத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "எங்க வச்சிருக்கீங்க, வீட்டிலயா, வட்டை வாடியிலயா?"

"வீட்டிலதான் சேர். பூட்டித்தான் வச்சிருக்கன்."

"நல்லம். அப்படித்தான் வைக்கணும்."

இந்த 'நல்லம்' இப்போதும் காதில் கேட்கிறது. எந்த ஒபிஸ் என்று நான் கேட்கவே இல்லை. என் இலக்கம் தெரிந்தவன் ஒபிஸ்காரனாகத்தான் இருப்பான் என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிட்டது. அந்தக் கோலுக்கும் களவுக்கும் முடிச்சுப் போட என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் கள்ளன் மாட்டுக்கொட்டில் பக்கம் போகவில்லை, குசினிக்குள் போகவில்லை. நீளமான ஒரு சாமானை ஒளித்து வைக்கக்கூடிய இடங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

இப்போது யாராவது அப்படிக் கேட்டால் நான் சொல்வது ஒரே வசனம்: "உங்கட பேரையும் ஒபிஸையும் சொல்லுங்க, நான் நாளைக்கு நேர வாறன்." உண்மையான அலுவலர் ஒருவரும் இதற்குக் கோபிக்கவில்லை. ஒருவர் மட்டும் போனை வைத்துவிட்டார்.

பட்டியலுக்குப் பயப்பட எனக்குச் சின்ன வயசிலேயே காரணம் இருந்தது. அதை மறந்துபோனேன் என்பதுதான் வெட்கம்.

1985இல் எனக்குப் பன்னிரண்டு வயசு. ஒரு இரவு நாய் விடாமல் குரைத்தது. அப்பா விளக்கைத் தூண்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். நாலு பொடியன்கள், இயக்கத்துக்காரர். ஒருத்தன் கையில் டோர்ச், இன்னொருத்தன் கையில் கொப்பி ஒற்றை. "ஐயா, உங்கட பேரில ஒத்தைக்குழல் ஒண்டு இருக்கு. நம்பர் இது. எடுத்துத் தாங்க." அப்பா அந்த ஒற்றையை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். எங்கள் கிராமத்தில் துவக்கு வைத்திருந்த ஐந்து பேரும் வரிசையாக இருந்தார்களாம். கச்சேரியில் (இப்போதைய மாவட்டச் செயலகம்) வேலை செய்த யாரோ எழுதிக் கொடுத்தது என்றும், தோட்டா விற்ற கடைப் புத்தகத்தில் பார்த்து எழுதியது என்றும் இரண்டு கதை உலாவியது. எது உண்மை என்று ஊருக்குத் தெரியாது. அப்பா அந்தத் துவக்கைக் கொடுத்தார்; இப்போது என்னிடம் இருப்பது அவர் பிறகு எடுத்தது. வேறு என்ன செய்வது?

விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனார். அம்மா அழுதா. போகாவிட்டால் பொலிஸ், போனால் பொடியன்கள்; இரண்டு பக்கமும் அடிதான். ஆயுதத்தோடு வந்த, அடையாளம் தெரியாத ஆட்கள் எடுத்துப்போனார்கள் என்று மட்டும் என்ட்ரி போட்டார். சார்ஜன் ஒரு துண்டில் திகதியும் என்ட்ரி இலக்கமும் சிங்களத்தில் எழுதி, இறப்பர் முத்திரை குத்திக் கொடுத்தார். உள்ளங்கை அளவுத் துண்டு. அப்பா அதை யூரியா பையின் உள்ளுறையில் சுற்றிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார்.

1990 யூனில் சண்டை தொடங்கியபோது கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் புலிகளிடம் விழுந்தன. அப்பா என்ட்ரி போட்ட நிலையமும் புத்தகங்களும் அதோடு போயிற்று. நாங்கள் ஓடினோம், துண்டும் எங்களோடு ஓடியது. அந்த வருசக் கடைசியில் ஒரு சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் இருத்தினார்கள். அதிகாரியின் கையில் தட்டச்சில் அடித்த தாள். ஊர்ப் பேரைச் சொல்லி, ஆட்பேரைச் சொல்லி, "துவக்கு எங்க?" என்று கேட்டார். துவக்கு இருந்தது என்ற பதிவு கச்சேரியில் தப்பிவிட்டது. துவக்குப் பறிபோனது என்ற பதிவு எரிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் அப்பாவின் மடியில் உள்ளங்கை அளவுத் துண்டு. அதிகாரி அதை வாங்கி நெடுநேரம் வாசித்தாராம். முத்திரையை வெயிலில் பிடித்துப் பார்த்தாராம். பிறகு மரநிழல் பக்கம் கையைக் காட்டினாராம்.

அப்பாவுக்கு முன்னால் எழும்பி நின்றவரிடம் துண்டு இருக்கவில்லை. அவரைப் பற்றி அப்பா பிறகு ஒரு நாளும் கதைத்ததில்லை.

ஆகவே அரசாங்கத்திடம் பதிவு இருக்கக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, லைசன்ஸை வருசா வருசம் புதுப்பிக்கிறோம், இருக்கத்தான் வேண்டும். லைசன்ஸ் இல்லாத கட்டுத்துவக்கு பற்றைக்குள் என்ன செய்கிறது என்று வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாடு வளர்க்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள். பன்றிக்குக் கட்டியது மாட்டுக்கு வெடிக்கும், விறகுக்குப் போன மனுசனுக்கு வெடிக்கும். 2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவில் காவலில் நின்ற இரண்டு பொலிஸாரைக் கொன்று அவர்களின் துவக்குகளையும் கொண்டுபோனார்கள். முதலில் சந்தேகம் விழுந்தது பழைய போராளிகள் மேல். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்த பிறகுதான் செய்தது வேறு கூட்டம் என்று வெளியே வந்தது. அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கும் இரண்டு பேர் வந்து துவக்கைப் பார்த்தார்கள், இலக்கத்தை ஒத்துப் பார்த்தார்கள், தோட்டாவை எண்ணினார்கள், போனார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதிவு அதற்குத்தான். அவர்கள் பேரையும் வந்த நேரத்தையும் கலண்டரில் குறித்து வைத்தேன், அவ்வளவுதான்.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் இதற்கு நேர்மாறு. களவுக் கதையைக் கேட்டதும், "இதுக்குத்தான் கனடாவில லிஸ்டையே அழிச்சவங்க" என்று தொடங்கிவிட்டார். சும்மா சொல்லவில்லை. அங்கே 1995 சட்டத்தில் வேட்டைத் துவக்குகளையும் பதிய வைத்து, 2012இல் அந்தப் பதிவை நிறுத்தி, சேர்த்து வைத்த தரவையும் அழித்தார்கள். கியூபெக் மாகாணம் எங்கள் பங்கைத் தாருங்கள் என்று உயர் நீதிமன்றம்வரை போய் 2015இல் தோற்றது. அமெரிக்காவில் இன்னும் ஒருபடி மேல். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு துவக்குக்காரர்களின் பதிவேடு ஒன்றை உண்டாக்கவே கூடாது. விற்ற படிவம் கடைக்காரரிடம் இருக்கும். கடையைப் பூட்டினால் மேற்கு வேர்ஜினியாவில் மார்ட்டின்ஸ்பேர்க் என்ற ஊரிலுள்ள அரச நிலையத்துக்குப் பெட்டி பெட்டியாகப் போகும். பேரை அடித்துத் தேட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் கச்சேரியில் ஒரு பைல் தேடுகிற மாதிரித்தான், ஆனால் சட்டம் போட்டு.

மச்சான் சொல்லாமல் விட்டதை நான் தேடிப் படித்தேன். அதே அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2022 யூனில் துவக்குப் புள்ளிவிபரங்களை இணையத்தில் போட்டது. அதற்குப் பின்னாலேயே, மறைத்துத் துவக்குக் கொண்டுபோக லைசன்ஸ் கேட்ட சுமார் 1,92,000 பேரின் பேரும் விலாசமும் பிறந்த திகதியும் திறந்து கிடந்தது. ஒரு நாளுக்குள் மூடிவிட்டார்கள். அதற்குள் இறக்கியவர்கள் இறக்கிவிட்டார்கள். ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று பிறகு விசாரணை சொன்னது. எங்கள் வட்சப் போட்டோவும் அதே சாதிதான். அங்கே கணினி, இங்கே மேசை.

ஊரில் வேறு ஒரு கதை சொன்னார்கள். "யார் யாரிட்ட துவக்கு இருக்கெண்டு ஊருக்கே தெரியும், இதில என்ன ஒளிப்பு?" நிலக்காரப் போடியார் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் என் முகத்துக்கு நேரே இதைக் கேட்டுச் சிரித்தார். ஊருக்குத் தெரியும், ஓம். வெடிச் சத்தம் கேட்கிறதுதானே. ஆனால் எங்கள் ஊருக்கு எங்கள் ஐந்து வீடு தெரியும். 43 வீட்டையும் ஒரு திரைக்குள், போன் நம்பரோடு, ஊர் முகமே தெரியாத ஒருத்தன் களுவாஞ்சிக்குடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்ப்பது ஊர் அறிவு இல்லை. ஊரில் ஒருத்தன் துவக்கைக் களவெடுத்தால் மறுநாள் முகத்தில் தெரிந்துவிடும். அவனுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

களவுக்குப் பிறகு நான் செய்ததில் எது உதவியது, எது வீண் என்று சொல்கிறேன்.

ஒன்றும் போகாவிட்டாலும் பொலிஸில் என்ட்ரி போட்டேன். "சாமான் ஒண்டும் போகல்லையே, பிறகென்ன?" என்று மேசையில் இருந்தவர் கேட்டார். துவக்கைத் தேடி வந்திருக்கிறார்கள், துவக்கு இன்ன இலக்கம், என்னிடம் இருக்கிறது, இதை எழுதுங்கள் என்றேன். எழுதினார். என்ட்ரியின் கொப்பியும் வாங்கினேன். அப்பாவின் மகன் அல்லவா. கோல் வந்த நம்பரையும் எழுதச் சொன்னேன். அதை நான் திரையில் அப்படியே படம் பிடித்து வைத்திருந்தேன். நம்பர் அடுத்த நாளே நிற்பாட்டப்பட்டிருந்தது.

பட்டியல் தயாரான அலுவலகம் எது என்று ஊகம் இருந்தது. நேரே போய்ச் சத்தம் போட்டேன். இது வீண். "நாங்க ஒருத்தருக்கும் குடுக்கல்ல" என்றார்கள், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கலாம். ஒருத்தரும் கொடுக்காமலேயே போகக்கூடியதுதான் தாள்.

பிறகுதான் மகள் தகவலறியும் உரிமைச் சட்டத்தைச் சொல்லித் தந்தாள். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களின் வண்டவாளத்தைத் தோண்டத்தான் இது என்று நான் நினைத்திருந்தேன். என்னைப் பற்றி அவர்களிடம் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் மூன்று கேள்வி எழுதினோம். என் துப்பாக்கி லைசன்ஸ் சம்பந்தமாக உங்களிடம் உள்ள ஆவணங்கள் எவை, கொப்பி தரவும். அவற்றின் பிரதிகள் எந்தெந்த அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டன, எந்தத் திகதிகளில்? இன்ன மாதம் தயாரித்த பட்டியலை யார் யாருக்கு வழங்கினீர்கள்? "ஏன் என் விபரத்தை வெளியே விட்டீர்கள்" என்று நான் எழுதியிருந்ததை மகள் வெட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டால் வியாக்கியானம் வரும் அப்பா, என்ன, எங்கே, எப்போ என்று கேட்டால் ஆவணம் வரும் என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று சொல்ல வேண்டும். எனக்குப் பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது. மறுத்தால் அதே இடத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. அதற்கும் மேலே கொழும்பில் ஆணைக்குழு. எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. என் கோப்பு மூன்று அலுவலகங்களில் இருக்கிறது. பழைய விண்ணப்பம் ஒன்றில் துவக்கு இலக்கத்தில் ஒரு எண் பிழையாக இருந்தது. ஏழுக்குப் பதில் ஒன்று! அந்த ஒன்றை யாரும் கண்டுபிடிக்காமல் விட்டு, நாளைக்கு எங்கேயோ ஒரு துவக்கு அதே இலக்கத்தோடு பிடிபட்டிருந்தால்? கடிதம் கொடுத்துத் திருத்தி, திருத்தியதற்கும் கையெழுத்து வாங்கினேன். களவைப் பற்றி விசாரிக்கப் போய்க் கிடைத்த பெரிய லாபம் இதுதான். துவக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது தன் கோப்பைக் கேட்டு வாங்கி, இலக்கத்தைத் துவக்கின் உடம்போடு வைத்து எழுத்துக்கெழுத்துப் பார்த்துவிடுங்கள்.

இதைக் கேள்விப்பட்டு, வரம்புச் சண்டையில் இருக்கிற ஒரு மச்சினன் வந்தான். எதிராளியிடம் துவக்கு இருக்கிறதா என்று இதே சட்டத்தில் கேட்டுப் பார்ப்போமா என்றான். முடியாது. 5ஆம் பிரிவில் முதலாவதாகவே தனிப்பட்ட தகவலுக்குத் தடை இருக்கிறது. பொது நலன் அதை மிஞ்சினால்தான் வெளியே வரும், உன் வரம்பு பொது நலன் இல்லை என்றேன். பிரதேசத்தில் மொத்தம் எத்தனை லைசன்ஸ் என்று கேட்கலாம். அந்த எண்ணிக்கை எல்லாருக்கும் உரியது. பேர் அப்படியல்ல. அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அதே பிரிவுதான் என்னையும் காக்கிறது.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் வந்தது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் தொடங்குவதாக இருந்து, அதுவும் தள்ளிப்போனது. அந்த மார்ச் மாதம் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிசம் நாடு முழுக்கக் குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணச் சொன்னார்கள். நானும் வாடியில் நின்று படிவத்தை நிரப்பினேன். குரங்குக்கு விலாசம் கேட்கவில்லை, கொடுத்துவைத்தது.

2024 நவம்பரில் ஒரு கூத்து. பாதுகாப்பு அமைச்சு துவக்குகளைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லிவிட்டது என்று ஊரெல்லாம் கலக்கம். 7ஆம் திகதிக்குள் கொழும்புக்குப் பக்கத்து வெலிசரவுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். விடிய ஐந்து மணிக்கே என் வாசலில் ஆறு பேர். இரண்டு பேர் சேர்ந்து வான் பேசிவிட்டார்கள். அறிவித்தலை எடுத்து வாசித்துப் பார்த்தால், அது தற்பாதுகாப்புக்கென்று அமைச்சு கொடுத்த ஆயுதங்களுக்கு. எங்களுடையது மாவட்டச் செயலகத்தில் எடுத்த பயிர்ப் பாதுகாப்பு லைசன்ஸ். எந்த அதிகாரி, எந்தக் காரணத்துக்குத் தந்தது என்று லைசன்ஸிலேயே இருக்கிறது. ஒருத்தரும் வாசித்ததில்லை. வருசா வருசம் முத்திரை விழும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம்.

சின்னச் சின்னப் பழக்கங்கள் சிலதை மாற்றிக்கொண்டேன். கொமினிகேஷன் கடையில் லைசன்ஸைப் போட்டோக் கொப்பி எடுத்தால், கறுத்துப்போன பிரதியையும் கையோடு வாங்கி வருகிறேன்; முன்பு அது அங்கேயே தேங்காய் வடை சுற்றப் போய்விடும். கொடுக்கும் கொப்பியின் குறுக்கே "இன்ன வருசப் புதுப்பித்தலுக்கு மட்டும்" என்று திகதி போட்டு எழுதுகிறேன். கிராம சேவகர் அவசரத்துக்கு வட்சப்பில் அனுப்பச் சொன்னாலும், "நேர கொண்டு வாறன் சேர்" என்கிறேன். மருமகன் ஒருத்தன் துவக்கைத் தோளில் வைத்து எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டிருந்தான். பெரிதாக்கினால் இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. அழிக்கச் சொன்னதற்கு என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. இரும்பு அலுமாரி ஒன்று அடித்துச் சுவரோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறேன். தோட்டா வேறு இடத்தில். எங்கே என்று இங்கே எழுத மாட்டேன்.

கடைசியாக அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்தேன். ஆட்களைக் கூப்பிடும் அறிவித்தலில் லைசன்ஸ் இலக்கம் மட்டும் போட்டால் போதும், பேரும் போனும் வேண்டாம் என்று. எழுத்தில் பதில் வரவில்லை. பெரிதாக எதிர்பார்க்கவும் இல்லை.

இந்த வருசம் தையில் புதுப்பிக்கப் போனேன். வரிசையில் ஒன்பது பேர். என் முறை வந்ததும் அந்த மிஸ் பெரிய பதிவேட்டைத் திறந்தா. முந்தி அதை அப்படியே என் பக்கம் திருப்பித் தள்ளிவிடுவா, நான் நாற்பது பேரின் விபரத்தையும் வாசித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவேன். இந்த முறை மேசை லாச்சியைத் திறந்து இரண்டு காட்போட் மட்டையை எடுத்தா. பிஸ்கட் பெட்டியில் வெட்டியது, ஓரத்தில் இன்னும் சிவப்பு எழுத்து இருந்தது. ஒன்றை என் வரிக்கு மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்து, "இதில மட்டும் போடுங்க ஐயா" என்றா.

போட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்தான், எங்கள் அந்த ஐந்து வீட்டில் ஒன்று. "என்ன கா மிஸ், இதையெல்லாம் மறைக்கிறீங்க?" என்றார் சிரித்துக்கொண்டு. "இவருடைய துவக்கு நம்பர் எனக்குப் பாடம். அவர்ர அப்பாடதும் பாடம்."

சொல்லியும் காட்டினார். ஏழு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்று என்றார்.